யேசுதாசனின் கைப்பிரேக்

மன்னார்த் தீவில் கீரி என்ற கரையோரக் கிராமத்தில், யேசுதாசன் வீட்டு முன்னறையில் ஒரு பஸ் நிற்கிறது என்று அயலவர்கள் பகிடியாகச் சொல்வார்கள். பஸ் என்பது உண்மையில் ஒரு மேசை. மேசைமேல் பின்பக்கம் புடைத்த பழைய கணினித் திரை. மேசை விளிம்பில் இரண்டு திருகால் இறுக்கிப் பூட்டிய சின்ன ஸ்டியரிங். கீழே இடது காலுக்கு நேராக ஒரேயொரு மிதி. கதிரைக்கு வலப்பக்கம், பலகையில் ஆணியடித்து நிறுத்திய கைப்பிரேக். அது மட்டும் உண்மையான பஸ்ஸிலிருந்து கழற்றியது. பிடியின் கறுப்பு றப்பரில் யேசுதாசனின் பெருவிரல் தேய்த்த பள்ளம்கூட அப்படியே இருந்தது.

அவன் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன். தகப்பன் தோமஸ் பேசாலைக்காரர், சம்மாட்டி ஒருவரின் வள்ளத்தில் தொழில் செய்தவர். மகனைப் பன்னிரண்டு வயதில் கடலுக்குக் கூட்டிப் போனார். கரை மறைவதற்கு முன்பே மகன் சத்தி எடுத்தான். மூன்று வருடம் முயன்றும் அது மாறவில்லை. "உனக்குத் தரையில ஓடுற வள்ளம்தான்ரா சரி" என்று சிரித்துவிட்டு, தெரிந்த ஒருவரின் பஸ்ஸில் கொண்டக்டராகச் சேர்த்துவிட்டார். இருபத்திரண்டு வயதில் யேசுதாசன் சாரதியானான். மன்னாரிலிருந்து வவுனியாவுக்குப் போய் வருவது. யுத்தம் வீதியை மூடிவைத்திருந்த மாதங்களைக் கழித்தால், பதினான்கு வருடத்தில் பாதியாவது ஓடியிருப்பான்.

இரண்டாயிரமாம் ஆண்டு, வவுனியாவிலிருந்து திரும்பி வரும் வழியில், வீதியோரம் ஏதோ வெடித்தது. பஸ்ஸில் இரண்டு பேர் செத்தார்கள். யேசுதாசனின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. குண்டு வைத்தவர்கள் தாங்கள் இல்லை என்று ஒரு தரப்பு அறிக்கை விட்டது. மற்றத் தரப்பும் விட்டது. ஆக, அறிக்கைகளின்படி அவனுடைய காலை எடுத்தவர் எவரும் இல்லை. இந்த நாட்டில் அப்படி எவராலும் எடுக்கப்படாத கால்கள் ஆயிரக்கணக்கில் உண்டு.

யாழ்ப்பாணத்தில் அவனுக்குச் செயற்கைக் கால் பூட்டினார்கள். நடக்கலாம், சைக்கிளும் மிதிக்கலாம். பஸ் ஓட்ட எந்த வைத்தியரும் கையெழுத்து வைக்கவில்லை. அது சரியான முடிவுதான் என்று அவனே சொல்வான். "இந்தக் காலுக்கு மிதிக்கத் தெரியும். எவ்வளவு மிதிக்கிறதெண்டு தெரியாது. நாற்பது பேரை ஏத்திக்கொண்டு அதை நம்பேலாது."

இரண்டாயிரத்து மூன்றில், போர்நிறுத்தக் காலத்தில், சனூன் ஊர் திரும்பினான். சனூன் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவன். தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில், பதினாறு வயதில், ஆயுதம் வைத்திருந்த தமிழர்கள் போகச் சொன்னதால் உடுத்த உடுப்போடு தோணியேறிக் கற்பிட்டிக்குப் போனவன். அவன் செய்த குற்றம் முஸ்லிம் வீட்டில் பிறந்தது. விடுதலை பேசிய வாய்களே அந்தக் கட்டளையையும் பேசின. கேட்டுக்கொண்டிருந்த ஊர்களில் பெரும்பாலானவை வாய் திறக்கவில்லை. பதின்மூன்று வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்து, அங்கேயே கணினி திருத்தப் பழகி, கொழும்பில் கழித்துவிட்ட பழைய கணினிகளை லொறியில் ஏற்றி வந்து மன்னார் பட்டினத்தில் கடை போட்டான்.

யேசுதாசன் ஒரு விண்ணப்பம் தட்டச்சு செய்ய அந்தக் கடைக்குப் போனபோதுதான் ஸ்டியரிங்கைக் கண்டான். பழைய சாமான்களோடு சாமானாக வந்தது, தூசி படிந்து கிடந்தது. விண்ணப்பத்தை மறந்து இரண்டு கையையும் அதில் வைத்தான்.

"ஓட்டிப் பாருங்க அண்ணன், பெற்றோல் செலவில்ல" என்றான் சனூன்.

அன்று பத்து நிமிடத்தில் ஏழு தடவை மோதினான். பிழை காலில் இருந்தது. இருந்தாலும் கணினியும் ஸ்டியரிங்கும் அந்தக் கிழமையே கீரிக்கு வந்தன. நாலாம் நாள் அவன் பிரேக் மிதியைக் கழற்றினான். உள்ளே இருந்தது, வானொலியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழுக்குள் இருக்கும் அதே சின்ன உருண்டை. மிதிக்கும்போது அது திரும்புகிறது. திரும்பிய அளவைக் கணினி அறிந்துகொள்கிறது. காலால் திருப்பினால் என்ன, கையால் திருப்பினால் என்ன? வெடித்த பஸ்ஸின் சொந்தக்காரரிடம் கேட்டுக் கைப்பிரேக்கை வாங்கி வந்து, அந்த உருண்டையை அதன் அச்சில் பூட்டினான். முடுக்கும் மிதியை இடது காலுக்கு மாற்றினான். கை அறியும் அளவுக்கு எந்தக் காலும் அறியாது என்பதை ஒரு மாதத்தில் கண்டுகொண்டான். அதன்பிறகு மோதவில்லை.

அவன் மனைவி பெற்றிசியா கூட்டுறவுச் சங்கக் கடையில் நிறுவைப் பகுதியில் வேலை செய்தாள். பிள்ளைகள் இல்லை. வேலையால் வந்து தேத்தண்ணி வைக்கும்போது முன்னறையில் பஸ் உறுமும். "எங்க நிக்கிறியள் இப்ப?" என்று குசினியிலிருந்து கேட்பாள். "மலைக்கு ஏறுறன்" என்பான். அந்த வீட்டில் நாலு வருடம் அப்படித்தான் பொழுது போனது.

இரண்டாயிரத்து ஏழில் கணினி செத்தது. திறந்து பார்த்த சனூன் உள்ளே இருந்த பெரிய பலகையை, மதர்போட்டை, காட்டினான். அதிலிருந்த சின்ன உருளைகள் வீங்கி வெடித்து மண்ணிறமாய்க் கசிந்திருந்தன. "உப்புக் காத்து. கீரியில இது நாலு வருசம் ஓடினதே பெரிய காரியம்."

பழையபடி ஒன்றைப் போட்டால் போதும் என்று யேசுதாசன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சனூனின் கடையில் ஒரு புதிய விளையாட்டைப் பார்த்திருந்தான். அதில் நீளமான பஸ், நாற்பது ஆசனம், ஆட்கள் ஏறி இறங்குகிறார்கள், மழை பெய்தால் துடைப்பான் ஓடுகிறது. அவனுடைய பழைய கணினியில் அது படம்படமாய் நின்று நின்றுதான் வரும். புதிய மதர்போட், புதிய செயலி, புதிய படக் காட் எல்லாம் வேண்டும்.

"எல்லாம் எடுக்கலாம் அண்ணன். ஆனா இதைத் தூக்கி எறியோணும்" என்று சனூன் ஸ்டியரிங்கின் வாலைப் பிடித்துக் காட்டினான். அந்த வயரின் நுனியில் பதினைந்து ஊசி கொண்ட தலை இருந்தது. "இந்தத் தலைக்குப் புதுப் போட்டில ஓட்டையே இல்ல. இப்ப எல்லாம் சின்னத் தட்டை ஓட்டை. புது ஸ்டியரிங் எடுத்துத் தாறன்."

"புதுசில கைப்பிரேக் இருக்குமோ?"

"இல்ல. காலுக்குத்தான்."

"அப்ப புதுசு எனக்கில்லை. தம்பி, இது என்ர கால். காலை எறிஞ்சுபோட்டுப் புதுப் பஸ் வாங்கச் சொல்லுறியோ?"

சனூன் தலையைச் சொறிந்தான். பிறகு ஒரு வழி சொன்னான். பதினைந்து ஊசித் தலை போய்ப் பொருந்துகிற ஓட்டை பழைய கணினியின் சவுண்ட் காட்டில்தான் இருந்தது. சவுண்ட் காட் என்பது ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் பாதி அளவுப் பச்சைத் தகடு. அதைக் கழற்றிப் புதிய மதர்போட்டின் பொருத்து வாயில் செருகிவிட்டால் பழைய ஸ்டியரிங்குக்கும் இடம் கிடைக்கும். அந்த மாதிரி வாய் மூன்று உள்ள மதர்போட்டாகப் பார்த்து எடுக்க வேண்டும். வந்திருக்கிற ஆகப் புதிய வின்டோஸைப் போடாமல் அதற்கு முந்தியதைப் போட வேண்டும். "சேந்தா சேரும். உத்தரவாதம் தர மாட்டன்."

எடுத்து முடிக்க மூன்று மாதம் ஆனது. அந்த வருடம் தெற்கிலிருந்து வரும் லொறிகளை மதவாச்சியில் நிறுத்தி, சாமானை இறக்கி, சோதித்து, வேறு லொறியில் ஏற்றினார்கள். வயரும் மின்சாரமும் சம்பந்தப்பட்ட எதற்கும் அனுமதிக் கடிதம் வேண்டும். சனூன் ஐந்து கடிதம் எழுதினான். ஆவணி மாதம் ஒரு பின்னேரம் பெட்டியோடு வந்து சேர்ந்தான்.

"பழைய சவுண்ட் காட்டைக் கழட்டித் துடைச்சு வையுங்க" என்று முதல்நாளே சொல்லியிருந்தான். யேசுதாசன் கழற்றினான், துடைத்தான். தகட்டின் ஒரு விளிம்பில் பொன்னிறப் பற்கள் வரிசையாக இருந்தன; அவைதான் வாய்க்குள் போய்த் தொடும் இடம். வெளியே சோளகக் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. மன்னார்த் தீவில் வாகனம் வைத்திருக்கிற எவனும் சோளகம் தொடங்கினால் செய்கிற வேலை ஒன்று உண்டு: பற்றறித் தலைகளுக்குக் கிறீஸ் பூசுவது. பூசாவிட்டால் ஒரு கிழமையில் உப்பு பூத்து வண்டி ஸ்டார்ட் ஆகாது. யேசுதாசன் பதினான்கு வருடம் அதைச் செய்தவன். பழைய கிறீஸ் டப்பா பின்விறாந்தையில் இருந்தது. சுட்டுவிரலால் தொட்டு, பொன்னிறப் பற்களுக்கு மெல்லியதாக ஒரு பூச்சுப் பூசினான். இதைச் சனூனிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. பல் துலக்கியதை யார் யாரிடம் சொல்கிறார்கள்?

சனூன் அவசரத்தில் இருந்தான். ஆறு மணிக்கு முன் பட்டினத்துக்குத் திரும்ப வேண்டும். மதர்போட்டை இறுக்கி, பழைய ஹாட் டிஸ்க்கையும் பழைய திரையையும் தொடுத்து, சவுண்ட் காட்டை முதலாவது வாயில் செருகினான். பொத்தானை அழுத்தியதும் திரை வெளித்தது. பெற்றிசியாவோடு சேர்த்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். வின்டோஸ் ஏறியது. படக் காட்டைக் கண்டுகொண்டது. சவுண்ட் காட்டைக் காணவில்லை. கழற்றி இரண்டாவது வாயில் செருகினான். அங்கேயும் இல்லை. புதிய விளையாட்டைப் போட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினால் திரையில் பஸ் மரம் மாதிரி நின்றது.

"சேரல்ல அண்ணன். பழசு பழசுதான். என்ன செய்ய?" சனூன் சாமானைச் சுருட்டினான். "வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வந்து பாக்கிறன், இன்ஷா அல்லாஹ்."

அடுத்த வீட்டு சிசிலியா அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அறுபது வயது. கீரியில் எது பழுதானாலும் காரணம் அவளிடம் இருக்கும். "மந்திரிக்காமப் போட்டா இப்படித்தான் தம்பி. வள்ளத்துக்குப் புது எஞ்சின் போட்டா மந்திரிக்கிறமெல்லே? பங்குச் சுவாமியைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளி."

"இதுக்குள்ள தண்ணி போனா எஞ்சின் நேரா மோட்சத்துக்குத்தான் போகும் அக்கா."

மறுநாள் விடிய, இராணுவத்தினர் கீரியைச் சுற்றி வளைத்தார்கள். ஆண்களைக் கோயில் முற்றத்துக்கு வரச் சொன்னார்கள். கால் இல்லாதவன் என்பதால் யேசுதாசனை வீட்டிலேயே இருக்கவிட்டார்கள். ஒரு சார்ஜனும் இரண்டு சிப்பாய்களும் வந்தார்கள். ஒரு சிப்பாயின் கையில் வீட்டுக்கு வீடு சாமான் பதிகிற படிவம் இருந்தது.

சார்ஜனின் கண் அலுமாரியில் நிற்கவில்லை, கட்டிலில் நிற்கவில்லை. நேரே கைப்பிரேக்கில் போய் நின்றது. "மேக்க மொக்கத?" என்றான். இது என்ன என்று அர்த்தம்.

யேசுதாசனுக்கு வீதியில் பழகிய சிங்களம் நன்றாக வரும். இனி அவர்கள் பேசியது எல்லாம் அந்த மொழியில்தான்.

"ஓட்டுகிற விளையாட்டு சேர்."

"எதை ஓட்டுவது? பிளேனா?"

அந்தக் கேள்வி சும்மா வந்ததல்ல. அந்த வருடம் மார்ச் மாதத்தில்தான் புலிகளின் சிறிய விமானங்கள் கட்டுநாயக்கா விமானத் தளத்தில் குண்டு போட்டிருந்தன. அதன்பிறகு வடக்கில் வட்டமான எதையும் கையில் பிடித்திருப்பது நல்லதாக இல்லை.

"பஸ் சேர். நான் பஸ் சாரதி."

"போட்டுக் காட்டு."

யேசுதாசன் போட்டான். திரையில் பஸ் வந்து நின்றது. சார்ஜன் தானே ஸ்டியரிங்கைத் திருப்பினான். அசையவில்லை. கைப்பிரேக்கை இழுத்தான். ஒன்றும் நடக்கவில்லை. வயரை விரலால் தடவிக்கொண்டே பெட்டிவரை போனான். திறந்து கிடந்த பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

"விசைப்பலகையாலும் ஓட்டலாம் சேர். அதைக் காட்டட்டுமா?"

"விசைப்பலகை என்ன என்று எனக்குத் தெரியும். இது என்ன என்றுதான் கேட்கிறேன். வேலை செய்யாத சாமானுக்கு இவ்வளவு வயர் ஏன்? இரும்புப் பிடி ஏன்?" சார்ஜன் கத்தவில்லை. கத்தியிருந்தால் பயம் குறைவாக இருந்திருக்கும். "நாளைக்கு ஒன்பது மணிக்கு வருவேன். வேலை செய்தால் வைத்துக்கொள். செய்யாவிட்டால் இதைத் தூக்கிக்கொண்டு நீயும் முகாமுக்கு வா."

அந்தச் சாமானுக்காகப் படிவத்தில் ஒரு வரியை வெறுமையாக விடச் சொல்லிவிட்டுப் போனான்.

விசாரணைக்குப் போனவர்களில் சிலர் அந்த வருடம் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை. திரும்பாதவர்களுக்கும் அறிக்கைகள் இருந்தன. அவர்களையும் எவரும் எடுக்கவில்லை.

வீதி மூடப்பட்டிருந்தது. கைத்தொலைபேசிகள் வேலை செய்யவில்லை. சனூன் இரண்டு மைல் தூரத்தில் இருந்தாலும் கொழும்பில் இருந்தாலும் ஒன்றுதான். பெற்றிசியா வேலைக்குப் போகவில்லை. சிசிலியா அக்கா ஒரு சின்னப் போத்தலில் தீர்த்தம் கொண்டுவந்தாள். பெற்றிசியா மரியாதையாக வாங்கி, அலுமாரிக்கு மேல், கணினியிலிருந்து எட்ட வைத்தாள்.

யேசுதாசன் கதிரையில் இருந்தான். "கழட்டி எறிஞ்சுவிடுவமோ? வரேக்க இல்லையெண்டா..."

"அவன் கண்டிட்டான். இல்லையெண்டா எங்கயெண்டு கேப்பான்." பெற்றிசியா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு இருந்தாள். "இஞ்ச பாருங்கோ. எங்கட கடையில நிறை பிழைச்சா என்ன செய்யிறனாங்கள்? தராசு பிழையோ படிக்கல் பிழையோ எண்டு பாக்க, படியை மாத்திப் போட்டு நிறுப்பம். அப்பவும் பிழையெண்டா தராசு. சரியெண்டா படி. இதில எது தராசு, எது படி?"

யேசுதாசன் அவளைப் பார்த்தான். "இந்தப் போட் தராசு. காட் படி."

"வேற படி இருக்கோ?"

இருந்தது. பழைய கணினியிலிருந்து கழற்றிய இன்னொரு தகடு; தொலைபேசி வயரில் இணையம் எடுக்க வைத்திருந்த மோடம். அதே மாதிரிப் பொன்னிறப் பற்கள், அதே வயது. கழற்றி ஒரு பேப்பரில் சுற்றி வைத்திருந்தான். இதுவரை எதுவும் செருகாத மூன்றாவது வாயில் அதைச் செருகிப் பொத்தானை அழுத்தினான். கொஞ்ச நேரத்தில் திரையின் மூலையில், புதிய சாமான் ஒன்று கண்டேன் என்று எழுத்து வந்தது.

"அப்ப தராசு சரி" என்றாள் பெற்றிசியா. "பழசு சேராதெண்டு சனூன் சொன்னது பொய். இதுவும் பழசுதானே, சேந்திட்டுது. இப்ப சொல்லுங்கோ, அந்தக் காட்டுக்கு என்ன செய்தனீங்கள், இதுக்கு என்ன செய்யேல்லை?"

"ஒண்டும் செய்யேல்லையே. ரெண்டையும் கழட்டினன். துடைச்சன்..." நிறுத்தினான்.

"துடைச்சு?"

"உப்புக் காத்தெண்டு... கொஞ்சம் கிறீஸ்."

"கிறீஸ்."

"பற்றறிக்குப் பூசுறதெல்லே."

பெற்றிசியா சிரிக்கவில்லை. அவள் சிரிக்காமல் இருப்பதற்குப் பாடுபடுவது தெரிந்தது. "பவுடரும் பூசி, பொட்டும் வைச்சு அனுப்பியிருக்கலாமே. நேற்றுப் பாவம் அந்த முஸ்லிம் பெடியன் ரெண்டு மணித்தியாலம் மல்லுக்கட்டினவன்."

சவுண்ட் காட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்கள். டப்பா வருடக்கணக்காக மூடி சரியாக இல்லாமல் விறாந்தையில் கிடந்தது. அதற்குள் காற்று கொண்டுவந்து போட்ட மணல், கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரிகிற நொய் மணல், கிறீஸோடு கலந்து பொன்னிறப் பற்களில் ஒட்டியிருந்தது. பற்றறித் தலையில் ஈயத்தை ஈயம் இறுக்கி நெரிக்கிறது. மணலாவது மண்ணாங்கட்டியாவது நசிந்துபோகும். இங்கே தலைமயிர் மாதிரி மெல்லிய கம்பி மெதுவாகத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு மணல் போதும், தொடாமல் பண்ண. முதலாவது வாயையும் இரண்டாவது வாயையும் யேசுதாசனின் கிறீஸ்தான் கெடுத்திருந்தது.

காரணம் கையில் கிடைத்தபின் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வெட்டுண்ட காலின் முனையைத் துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட் போத்தலை எடுத்தான். பஞ்சால் நாலு தடவை துடைத்தான், பஞ்சு வெள்ளையாக வரும்வரை. பெற்றிசியா கடைப் பென்சிலின் அழிறப்பரால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தாள். ஊதினாள். மோடத்தைக் கழற்றி, சுத்தமாக எஞ்சியிருந்த மூன்றாவது வாயில் சவுண்ட் காட்டைச் செருகினார்கள். யேசுதாசன் பொத்தானை அழுத்தவில்லை. கையை அதன்மேல் வைத்துக்கொண்டு இருந்தான்.

"அழுத்துங்கோவன். வெடிக்காது."

சனூன் விட்டுப்போன சீடித் தட்டைப் போட்டு, திரை கேட்டதற்கெல்லாம் ஓம் ஓம் என்று சொல்லி, பின்னேரம் நாலரை மணிக்கு ஸ்டியரிங்கைத் திருப்பினான். திரையில் பஸ்ஸின் முகம் திரும்பியது. கைப்பிரேக்கை ஒரு அங்குலம் இழுத்தான். ஒரு அங்குலம் இழுத்த பஸ் எவ்வளவு தணியுமோ அவ்வளவு தணிந்தது. சிசிலியா அக்கா வேலிக்கு மேலால் சிலுவை போட்டுக்கொண்டாள். தீர்த்தம் அலுமாரிக்கு மேல் மூடியோடு இருந்ததை அவள் அறியவில்லை. அறிந்தாலும் கணக்கு மாறாது. கிறீஸைக் கண்டுபிடித்தது ஒரு கேள்வி. கேள்விக்கு இந்த நாட்டில் யாரும் மெழுகுதிரி கொளுத்துவதில்லை.

அடுத்த நாள் யேசுதாசன் எட்டரை மணிக்கே வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தான். கரண்ட் இருந்தது. ஒன்பதுக்குச் சார்ஜன் வந்தான். பின்னால் படிவத்தோடு அதே சிப்பாய்.

"ஓட்டு."

யேசுதாசன் ஓட்டினான். பஸ் ஒரு சின்னப் பட்டினத்திலிருந்து வெளிக்கிட்டு, பாலம் கடந்து, இரண்டு பக்கமும் உயர்ந்த மரங்கள் நிற்கும் வீதியில் ஏறியது. வளைவு வந்தது. வலது கையால் பிடியை மெல்ல இழுத்து, இடது கையால் திருப்பி, வளைவு முடிய விட்டான். ஆட்கள் நின்ற இடத்தில், கதவு அவர்களுக்கு நேரே வரும்படி நிறுத்தினான். சிப்பாய் படிவத்தை மறந்து திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கால் எப்படிப் போனது?"

"பஸ்ஸில் சேர். இரண்டாயிரத்தில்."

"யார் வைத்தது?"

"தெரியாது சேர்."

சார்ஜன் "எழும்பு" என்றான். தோளில் தொங்கிய துவக்கைச் சிப்பாயிடம் கொடுத்துவிட்டுத் தானே கதிரையில் இருந்தான். பஸ் வேகம் பிடித்தது. மரங்கள் வந்தன. சார்ஜனின் வலது சப்பாத்து மேசைக்குக் கீழே பிரேக்கைத் தேடியது. அங்கே ஒன்றும் இருக்கவில்லை. வெறும் சீமெந்தை இரண்டு தடவை ஓங்கி மிதித்தான். பஸ் வீதியை விட்டு இறங்கி மரங்களுக்குள் போய் முட்டி நின்றது. சிப்பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது, உடனே விழுங்கினான். சார்ஜன் அவனைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தானும் மூக்கால் லேசாகச் சிரித்தான்.

"கையில் பிரேக்" என்றான், தனக்குத்தானே. எழும்பித் துவக்கை வாங்கினான். "வீட்டில் பிள்ளைகள் எத்தனை?"

"இல்லை சேர்."

"அப்படியென்றால் இது யாருக்கு?"

"எனக்கு."

படிவத்தில் வாகனம், வானொலி, தொலைபேசி என்று வரிகள் இருந்தன. கைப்பிரேக் பிடிக்கிற வரி எதுவும் இல்லை. சிப்பாய் பேனையோடு காத்து நின்றான். வாகனம் என்று எழுதினால் இலக்கம் கேட்பார்கள். இயந்திரம் என்று எழுதினால் முகாமில் யாராவது பார்க்க வேண்டும் என்பார்கள். சார்ஜன் சொன்னான்: "சிறு பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான், ஒன்று. அப்படி எழுது." யேசுதாசனைப் பார்த்து, "அதுதான் உனக்கு நல்லது" என்றான்.

அவன் சொன்னது உண்மையும்தான். யேசுதாசனுக்கு நாற்பத்துமூன்று வயது. பதினான்கு வருடம் ஆட்களை ஏற்றி இறக்கியவன். தன் கையால் செய்த தன் காலை, இல்லாத பிள்ளைகளின் பொம்மை என்று எழுதி ஒப்புக்கொண்டால்தான் வைத்திருக்கலாம். பேனை நீட்டப்பட்டிருந்தது. அவன் வாங்கவில்லை.

"சேர், இது விளையாட்டுச் சாமான் இல்லை..."

"போடுங்கோ" என்றாள் பெற்றிசியா குசினி வாசலிலிருந்து, தமிழில், மெல்லமாக. "அவங்கள் என்னத்தையும் எழுதட்டும். சாமான் வீட்டில நிக்கட்டும்."

யேசுதாசன் கையெழுத்துப் போட்டான். அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். சிசிலியா அக்கா தன் கோழிகளை எண்ணிக் காட்டும் சத்தம் கேட்டது.

அவன் கதிரையில் வந்து இருந்தான். திரையில் பஸ் மரங்களுக்குள் மூக்கைச் செருகியபடி நின்றது. இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கைப்பிரேக்கைத் தளர்த்தி, பின்னுக்கு எடுக்கும் விசையை அழுத்தி, தோளுக்கு மேலால் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பின்னால் முன்னறைச் சுவர்தான் இருந்தது. இடது காலை மெல்ல வைத்து, பஸ்ஸை அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு எடுத்து வீதியில் ஏற்றினான்.